ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வரியை யாரும் எங்கும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டில் பத்து வருடத்துக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, காலை பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே விழுந்தேன். பள்ளியில் விசாரித்தவர்களிடம், சாப்பிடாமல் போய்விட்டாள், வெயிலில் மயக்கம் என்று அம்மா சொன்னாள். அந்த வாரமே மாத்திரை ஆரம்பித்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒழுங்காக விழுங்கினால் ஒரு தொந்தரவும் இல்லை. பி.இ. முடித்தேன், இரண்டு வருடம் வேலைக்குப் போனேன், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தேன். ஸ்கூட்டர் மட்டும் ஓட்டுவதில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன், எல்லோரும் சிரிப்பார்கள்.

அம்மா அந்த நோயின் பெயரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அவளுக்கு அது வெறும் "அது". "அது மறுபடி வந்துதா கண்ணு?" என்பாள். மாத்திரை வாங்கி வந்தால் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போடுவாள். இத்தனையும் என் கல்யாணத்துக்காக. எனக்கு வரப்போகிறவன் யாரென்று தெரியாது, எப்போது வருவான் என்றும் தெரியாது, ஆனால் அவன் எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையைக் கிளறிப் பார்ப்பான் என்று அம்மா உறுதியாக நம்பினாள்.

மேற்படிப்புக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. சாயப்பட்டறைக் கழிவு நீரைச் சுத்தம் செய்வது பற்றிய படிப்பு. விசா வந்த கையோடு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் எல்லோருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். ஒன்று, அவர்களே தரும் பாலிசியில் சேர வேண்டும். இல்லையென்றால், அவர்கள் சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட வேறொரு பாலிசியை நம் ஊரிலிருந்தே எடுத்துப்போய்க் காட்டி விலக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் மூன்று நாள் உட்கார்ந்து இரண்டையும் படித்தேன். பல்கலைக்கழகப் பாலிசி விலை அதிகம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே வைத்தியம் உண்டு. டாக்டர், மாத்திரை, பரிசோதனை எல்லாம் அதில் வரும். நம் ஊர் பாலிசி அதில் மூன்றில் ஒரு பங்குதான். காய்ச்சல் வந்தால் பார்ப்பார்கள், கை கால் முறிந்தால் பார்ப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பைசா கிடையாது. அதோடு, அப்படி ஏதாவது இருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் பாலிசி செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தானாலும் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவளுக்கும் புரிகிற ஆங்கிலம்தான். எனக்குப் புரிந்தது. யாராவது எனக்குப் புரியவில்லை என்று பரிதாபப்பட வந்தால் அதற்கு இடமே இல்லை.

"நான் காலேஜ் பாலிசியே எடுத்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறை. மோட்டார் பம்புக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறவர். எவ்வளவு எச்சாகும், கூட எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "போச்சாது விடு, பாத்துக்கலாம்" என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் என்றால் அது சித்தப்பா மூலமாகத்தான். அப்பாவின் பெரியம்மா மகன். வெள்ளகோவிலில் இருக்கிறார். பட்டறைக்கு அவர் போட்ட பாலிசி, அப்பாவின் பைக்குக்கு அவர் போட்ட பாலிசி, நான் பிறந்த ஆறாவது மாதம் என் பெயரில் அவர் போட்ட பாலிசி. ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம் முழுக்க, அவரிடம்தான் வாங்கும். ஒரு பாலிசியை வெளியாளிடம் எடுத்தோம் என்று தெரிந்தால், விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விட்ட மாதிரி வருத்தப்படுவார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சித்தப்பா ஜாதகமும் பார்த்துக் கொடுப்பார். அதாவது, வரன் சேர்த்து வைப்பார். பாலிசி பாரம் நிரப்ப வீடு வீடாகப் போகிறவருக்கு யார் வீட்டில் எத்தனை வயதில் பெண் இருக்கிறது, பையனுக்கு என்ன சம்பளம், யாருக்கு சர்க்கரை, யாருக்கு பைபாஸ் எல்லாம் தெரியும். பாலிசி பாரமும் ஜாதகங்களும் ஒரே ரெக்சின் பையில்தான் இருக்கும்.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. விலை அதிகமான பாலிசியை எடுத்தால், ஏன் என்று சித்தப்பா கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஆகையால் அந்தப் பாலிசியை எடுப்பதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் சித்தப்பாவை வரச் சொல்லி அவளே போன் செய்தாள்.

அவர் காலை பஸ்ஸில் வந்தார். நல்ல மனிதர், மிக மரியாதையானவர். என்னைத் தொட்டிலில் பார்த்தவர்தான், ஆனாலும் "வாங்க கண்ணு, உக்காருங்க" என்றுதான் சொல்வார். காபி குடித்து முடித்ததும் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க அண்ணி, காலேஜ் பாலிசி எதுக்குங்க? அது சீக்காளிகளுக்குங்க. ஏற்கெனவே ஏதாச்சும் நோவு இருக்கறவீங்க எடுக்கறது. நம்ம புள்ளைக்கு என்னங்க?"

"அதானுங்க தம்பி. நம்ம புள்ளைக்கு என்ன" என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டை நுனியில் செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் போனில் துடைக்க ஒன்றுமே இல்லை.

சித்தப்பா பாரத்தை எடுத்தார். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் நிதானமாக எழுதினார். ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு வந்தார். கீழே ஒரு பட்டியல் இருந்தது. "சக்கரை, பிரசர், இருதயம், வீசிங்கு... இதெல்லாம் ஒண்ணும் இல்லீங்ளே?" என்று பாரத்தைப் பார்த்தபடியே கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தக் கேள்வியை இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்பதாகத்தான் நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லும் பதிலை அம்மா சொன்னாள், அவர் அதை எழுதினார், என்னிடம் நீட்டினார்.

நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. அம்மா மீது எனக்கு எவ்வளவு கோபம் உண்டோ அதில் பாதி என் மீதும் உண்டு. மூன்று நாள் உட்கார்ந்து படித்தவள், சீக்காளி என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, தெரிந்தே ஒரு பொய்க்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

பல்கலைக்கழகம் விலக்குக் கொடுத்தது. ஆறு மாதத்துக்கு மாத்திரை கட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எனக்கு என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால் கடிதத்தைக் காணோம். போனில் கேட்டதற்கு, "நான்தான் எடுத்து வெச்சேன். கூட இருக்கற புள்ள பாத்துப்போட்டா?" என்றாள் அம்மா. என் அறையில் கூட இருந்த பெண் உடுமலைப்பேட்டைக்காரி. நம் பக்கத்துப் பெண் என்று அம்மாதான் தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டாள். அப்படிச் சேர்த்துவிட்டு அவளுக்கே பயந்தாள்.

ஆறு மாதம் முடிவதற்குள் மாத்திரை பார்சலில் அனுப்புவதாகப் பேச்சு. பார்சல் எங்கோ நின்றுபோனது. சுங்கத்தில் டாக்டர் சீட்டுக் கேட்டார்கள், அம்மா எடுத்து வைத்த கடிதம் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது, அதை அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. அங்கேயே ஒரு டாக்டரிடம் போயிருக்கலாம்தான். போனால் அவர் எழுதுவார். எழுதினால் நான் போட்ட பொய் வெளியே வரும். அதனால் இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன். எந்த டாக்டரும் செய்யச் சொல்லாத காரியம். இருப்பது தீராமல் நாளை ஓட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் ஓடியது.

பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணி வகுப்பில் விழுந்தேன். கண் விழித்தபோது ஆம்புலன்ஸில் இருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்று பாதி இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, இதற்கு முன்பு வந்திருக்கிறதா என்று கேட்டாள். வந்திருக்கிறது என்றேன். எப்போதிருந்து? ஒன்பதாம் வகுப்பிலிருந்து. என்ன மாத்திரை? சொன்னேன். அவள் தட்டிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அடுத்த கேள்வி, ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்பது. இவ்வளவுதான் விஷயம் என்று அப்போது தெரிந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. ஏற்கெனவே இருந்த நோயை நான் மறைத்ததால், பாலிசியை ஆரம்ப நாளிலிருந்தே ரத்து செய்வதாக எழுதியிருந்தார்கள். அவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பணம் வாங்குகிறபோது ஒரு டாக்டர் சீட்டுக்கூடக் கேட்கவில்லை. பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் என் மருத்துவ வரலாறு முழுவதையும் கேட்டார்கள். ஆனால் கடிதத்தில் இருந்தது பொய் இல்லை, பொய் நான் எழுதியது. ஆஸ்பத்திரிக்கு அப்பா எப்படியோ கட்டினார். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்சூரன்ஸ் இல்லாதவள் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாது. பல்கலைக்கழகத்தில் இதற்கென்று இருக்கும் அலுவலகத்துக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். படிப்பு போய்விடும், திரும்பி வர வேண்டியதுதான் என்றே நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த ஒரு அம்மாள் கடிதத்தைப் படித்தார். ஒரு பாலிசியை இழந்தவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தால் நடுவிலேயே பல்கலைக்கழகப் பாலிசியில் சேரலாம் என்று சொல்லி ஒரு தாளைத் தந்தார். பெயர், பிறந்த தேதி, மாணவர் எண், கையெழுத்து. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"நோய் பற்றிக் கேட்கும் பக்கம் எங்கே?" என்றேன்.

"அப்படி ஒரு பக்கம் கிடையாது" என்றார் அவர்.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். சீக்காளிகளுக்கு என்று சித்தப்பா சொன்ன பாலிசி, யார் சீக்காளி என்று கேட்கவே இல்லை. எதை மறைப்பதற்காக அதை வேண்டாம் என்றோமோ, அதைச் சொல்ல வேண்டிய அவசியமே அதில் இருந்ததில்லை. அந்த அம்மாள் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். அதற்கு இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். பல் எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரூம்ல இருக்கற புள்ளைக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சா அம்மணி?" என்றாள். அந்தப் பெண்தான் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள். எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். நான் போனை வைத்தேன். இரண்டு வாரம் எடுக்கவே இல்லை. பெற்ற தாயிடம் அப்படி நடந்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். வந்த நாலாம் நாள் சித்தப்பா வந்தார், அதே பையோடு. கடிதம், ரத்து பற்றியெல்லாம் அவரிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. காலேஜிலேயே கட்டாயமாக வேறு பாலிசி போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் காங்கேயத்துப் பையன் ஒருவனின் ஜாதகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அமெரிக்காவிலேயே வேலை, நல்ல குடும்பம், அவர்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் பொறுமை என்று இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

"சித்தப்பா, எனக்கு வலிப்பு இருக்குங்க. ஒம்பதாவதுல இருந்து இருக்குங்க. போன வருசம் நீங்க இல்லைன்னு எழுதுனீங்களே, அதனாலதான் அங்க போய் மாத்திரை இல்லாம விழுந்தேன். இந்தப் பல்லு கட்டுனது அப்பத்தானுங்க. அந்தப் பையன் ஊட்டுல இதைச் சொல்லிப்போட்டு அப்புறம் ஜாதகம் குடுங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சித்தப்பா மட்டும் திடுக்கிடவில்லை. ஜாதகத்தை மெல்ல மடித்துக்கொண்டே சொன்னார்.

"தெரியுமுங்க கண்ணு."

"என்னங்க தெரியும்?"

"காந்திபுரத்துல அந்த நரம்பு டாக்டர்கிட்ட நீங்களும் அண்ணனும் உக்காந்திருந்தீங்க. நீங்க அப்ப பள்ளிக்கூட யூனிபாரம் போட்டிருந்தீங்க. நான் பின்னாடி வரிசைல இருந்தனுங்க. அண்ணன் சங்கடப்படுவாருன்னு தூணு மறைவுல போய் உக்காந்துக்கிட்டேன்."

தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். தெரிந்த மனிதர் எங்களிடம் கேட்டிருக்கிறார், அம்மா இல்லை என்று சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்கிறார், பொய் எழுதினால் பாலிசி செல்லாது என்பதும் அவருக்குத் தெரியும், அவர் தொழிலே அதுதான். ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"பொட்டப்புள்ளைக்கு அதைப் போயி எழுதுவாங்ளா கண்ணு?" என்றார்.

அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. "நீங்க எதுக்குங்க அந்த டாக்டர்கிட்ட வந்தீங்க?"

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ற புள்ளையக் கூட்டிட்டு வந்தனுங்க" என்றார். அவர் மகள் எனக்கு இரண்டு வயது மூத்தவள். இரண்டு வருடம் முன்பு தாராபுரம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். நானும் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன்.

"அக்காவுக்குமா? அவங்க ஊட்டுல தெரியுமுங்களா?"

"எப்படீங்க தெரியும்?"

"அப்ப மாத்திரை?"

"கண்ணாலத்துக்கு அப்புறம் நிறுத்திட்டாளுங்க. மாமியாரு, கொழுந்தனாரு, எல்லாரும் ஒரே ஊட்டுல இருக்காங்க. அங்க வெச்சு எப்படி முழுங்குவா? இதுவரைக்கும் ஒண்ணும் வரலீங்க. இப்ப மூணு மாசம் வேற."

முதலில் பேசியது அம்மாதான். அவள் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை. "தம்பி, இவ விசயத்தை வெளிய யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். "சொல்லுவனுங்களா அண்ணி. நீங்களும் நம்ம புள்ள விசயத்தை..." என்றார் அவர். "சேச்சே" என்றாள் அம்மா. பிறகு அவருக்கு இன்னொரு காபி போட உள்ளே போனாள். இரண்டு பேரும் எவ்வளவு பதமாக, எவ்வளவு அன்பாகப் பேசிக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

அக்காவின் போன் நம்பரைக் கேட்டேன். கர்ப்ப காலத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கத்திச் சொன்னேன். ஒரு டாக்டரையாவது பார்க்கச் சொல்லுங்கள், நானே பேசுகிறேன், அவள் வீட்டில் யாருக்கும் தெரியாமலே பேசுகிறேன் என்றேன். அப்பாகூட ஜன்னலிலிருந்து திரும்பி, "குடுத்துருப்பா" என்றார். சித்தப்பா தலையை ஆட்டினார். செல்போனை எடுத்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், கொஞ்ச நேரம் தேடினார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

நான் மறுபடி அமெரிக்காவுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு முறை அவருக்குப் போன் செய்கிறேன். ஒரு முறைகூட எடுக்காமல் இருந்ததில்லை. நல்லா இருக்கீங்ளா, சாப்புட்டீங்ளா என்று விசாரிக்கிறார். அக்கா நம்பர் என்றதும், "குடுக்கறனுங்க கண்ணு" என்கிறார்.